கோளாறு விரலில் இல்லை

என் அக்காவுக்கு 81 வயது ஆகிறது. முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார். மாமா காலமாகி ஆறு வருடம். பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில். போன வருடம் மூத்த பேரன் வந்திருந்தபோது ஆயாவுக்கு என்று ஒரு லேப்டாப் வாங்கிவந்தான். திரையை விரலால் தொட்டாலும் வேலை செய்யும், மௌஸாலும் வேலை செய்யும். ஒரு வாரம் உட்கார்ந்து பழைய ஆல்பங்களில் இருந்த படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, ‘தாத்தா’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டு, கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான். பக்கத்திலேயே ‘கரண்ட் பில்’, ‘பாங்க்’, ‘மருந்துச் சீட்டு’ என்று இன்னும் மூன்று. ஆல்பங்கள் இங்கே இருந்தால் கரையான் அரித்துவிடும் என்று கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாமாவின் திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தார். காலை ஆறு மணி. அந்த நேரத்தில் போன் அடித்தாலே எங்கள் வயதில் வேறு மாதிரித்தான் நினைக்கத் தோன்றும்.

“தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

மாமாவின் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். அது நடந்து பதினோரு நாள் ஆகிறதாம். பதினோரு நாளும் லேப்டாப்பை மூடி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறார். பேரன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், “பாத்துக்கிட்டுதான்யா இருக்கேன், தாத்தா நல்லா இருக்காரு” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். திதிக்கு ஒரு படம் பெரிதாகப் போட வேண்டும் என்று வந்தபோதுதான் வேறு வழியில்லாமல் என்னிடம் சொன்னார்.

“புத்தி மழுங்கிப் போச்சு தம்பி. நீ வந்து இத எடுத்துக்கிட்டுப் போயிடு. எனக்கு வேணாம்.”

போனேன். ‘தாத்தா’ ஃபோல்டர் திரையில் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. மீதி மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டாவதாகத் திறந்தது ‘கரண்ட் பில்’. ரசீதுகளுக்கு நடுவே ‘தாத்தா’ பத்திரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே 143 படங்கள். ஒன்றும் குறையவில்லை. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். மௌஸை வைத்து ஒரு ஃபோல்டரைத் திறக்க, அதன்மேல் இரண்டு முறை சட்டென்று அழுத்த வேண்டும். அக்காவின் விரல் முதல் அழுத்தத்தை விடுவதற்குள் கை லேசாக நகர்ந்திருக்கிறது. பொத்தான் அழுந்திய நிலையில் மௌஸ் நகர்ந்தால், ‘இதை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வை’ என்று கணினிக்கு அர்த்தம். பக்கத்தில் இருந்தது ‘கரண்ட் பில்’. அதன்மேல் விரலை விட்டதும் ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டது. சத்தமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்தக் கணமே கண்ட்ரோல் விசையோடு இசட் விசையைச் சேர்த்து அழுத்தியிருந்தால் போனது அப்படியே திரும்பி வந்திருக்கும். அதை அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லேப்டாப் வந்த நாளிலிருந்து நான் நாலைந்து முறை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன். “டக் டக்குன்னு ரெண்டு தட்டு அக்கா. வேகமா. இன்னும் வேகமா. அய்யோ, நகத்தாதீங்க.” அவர் திணறத் திணற என் குரலும் ஏறியிருக்கும். ஒரு தடவை கூட, ‘இரண்டு தட்டு எதற்கு? ஒரு தட்டில் திறக்கிற மாதிரி செய்ய முடியாதா?’ என்று எனக்குத் தோன்றவில்லை. செய்ய முடியும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பேரனுக்கும் தெரியும். இரண்டு பேருமே இயந்திரத்தை விட்டுவிட்டு, 81 வயது விரலைத் திருத்தப் பார்த்தோம்.

இந்த இரட்டைத் தட்டு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1968 டிசம்பரில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பர்ட் மௌஸைப் பொதுமேடையில் செய்து காட்டியபோது அதில் மூன்று பொத்தான்கள் இருந்தன. 1983ல் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியையும் மறுவருடம் மக்கின்டோஷையும் வெளியிட்டபோது, ஜனங்கள் குழம்பக் கூடாது என்று மௌஸில் ஒரே ஒரு பொத்தான் வைத்தார்கள். ஒரு பொத்தான்தான், ஆனால் அதற்கு வேலை இரண்டு. ‘இதுதான்’ என்று சுட்டிக் காட்டவும் வேண்டும், ‘இதைத் திற’ என்று சொல்லவும் வேண்டும். அதனால் ஒரு தட்டு என்றால் சுட்டுவது, இரண்டு தட்டு என்றால் திறப்பது என்று வழக்கமாயிற்று. பிறகு மௌஸில் பொத்தான்கள் கூடின, நடுவில் சக்கரம் வந்தது, மௌஸே வேண்டாம் என்று தொடுதிரை வந்தது. இரண்டு தட்டு மட்டும் போகவில்லை.

விரலுக்கும் இரண்டு தட்டுக்கும் பொருத்தமே கிடையாது. மௌஸாவது மேசைமேல் இருக்கிறது, மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளலாம். லேப்டாப் திரை செங்குத்தாக நிற்கிறது. கையை அந்தரத்தில் நீட்டித் தட்ட வேண்டும், முழங்கைக்குப் பிடிமானம் இல்லை. முதல் தட்டில் திரை பின்னால் ஆடும், ஆடி நிற்பதற்குள் இரண்டாவது தட்டு விழ வேண்டும், அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில். தள்ளி விழுந்தால் அது இரண்டு தட்டு அல்ல, இரண்டு தனித்தனித் தட்டு. சரி, நிதானமாக அழுத்திப் பிடிப்போம் என்று பிடித்தால் ஒரு பட்டியல் திறந்துகொள்ளும். அதில் அழிப்பதற்கான பொத்தானும் உண்டு.

அக்கா அழுத்திப் பார்ப்பார். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார். இப்போதைய தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதே இல்லை. விரல் கிட்டே வரும்போது திரையில் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தைத்தான் பார்க்கிறது. வயதாக ஆகத் தோல் காய்ந்துபோவதால் அந்த மாற்றம் சரியாகப் பதியாமல் போவதும் உண்டு. காய்ந்த விரலால் எவ்வளவு குத்தினாலும் பயனில்லை. கையில் கொஞ்சம் கிரீம் தடவித் துடைத்துவிட்டுத் தொட்டால் சில சமயம் வித்தியாசம் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், திரை பாழாகும். (அக்கா முயன்று பார்த்தார்.)

வேடிக்கை என்னவென்றால், அதே அக்கா கைப்பேசியில் தடுமாறுவதில்லை. வீடியோவில் பேரனைக் கூப்பிடுகிறார், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார். அங்கே ஒரு தட்டு போதும். லேப்டாப்பில் மட்டும் ஒரு தட்டுக்கு ஃபோல்டர் நீல நிறமாகி, ‘அப்புறம்?’ என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசி கற்றுக்கொண்ட கை இது, புத்தி மழுங்கிய கை இல்லை.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். விண்டோஸ் உள்ள கணினிகளுக்குப் பொதுவானது இது. எந்த ஃபோல்டரையாவது திறந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்றால் மேலே மூன்று புள்ளிகள் இருக்கும், அதைத் தொட்டால் ‘ஆப்ஷன்ஸ்’ வரும். விண்டோஸ் 10 என்றால் ‘வியூ’ என்ற தலைப்பின்கீழ், வலது ஓரத்தில் அதே ‘ஆப்ஷன்ஸ்’. திறக்கிற சின்னக் கட்டத்தின் முதல் பக்கத்திலேயே, நடுவில், ஒரு தட்டில் திறக்கட்டுமா இரண்டு தட்டில் திறக்கட்டுமா என்று கேட்டிருப்பார்கள். ‘சிங்கிள் கிளிக்’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுத்து ‘ஓகே’ கொடுத்தால் முடிந்தது. பணம் கட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை, கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. 1998ல் வந்த விண்டோஸ் 98லேயே இந்த வசதி இருந்தது.

அதோடு இன்னும் இரண்டு காரியம் செய்தேன். திரையில் இருந்த படங்களைப் பெரிதாக்கினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த நான்கு ஃபோல்டர்களையும் நான்கு மூலைக்குக் கொண்டுபோனேன். இப்போது ‘தாத்தா’ வடகிழக்கில் இருக்கிறார். ‘கரண்ட் பில்’ தென்மேற்கில். அக்கா வாஸ்து பார்த்துத்தான் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் மறுக்கவில்லை.

பிறகு, “அக்கா, இப்ப தொடுங்க” என்றேன். தொட்டார். திறந்தது. மூடச் சொன்னேன், மூடினார். மறுபடி தொட்டார். திறந்தது. ஏழெட்டு முறை இப்படியே செய்தார். “இவ்ளோதானா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் சந்தோஷத்தைவிடக் கோபம் அதிகம். நியாயமான கோபம்.

இரண்டு தட்டையே விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ‘மௌஸ்’ என்பதைத் திறந்தால் இரண்டு தட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் போகலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம். வாங்கும்போது அது அரை விநாடியில் இருக்கும், அதாவது 500 மில்லி விநாடி. மெதுவான பக்கம் முழுக்க இழுத்தால் 900 வரை போகும். பக்கத்தில் ஒரு சின்ன ஃபோல்டர் படம் இருக்கும், அதைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நேரத்தைக் கூட்டினால் நேரம் மட்டும்தான் கூடும். கை நகர்ந்தால் கணினி ‘இழுக்கிறார்’ என்று நினைப்பதை அது மாற்றாது. எத்தனை நகர்ந்தால் இழுப்பு என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 4 பிக்சல். ஒரு கடுகளவுகூட இருக்காது. அதைக் கூட்ட சாதாரண அமைப்புப் பக்கங்களில் இடம் இல்லை. ரெஜிஸ்ட்ரி என்ற உள்ளறைக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும், தெரியாதவர்கள் அங்கே கைவைக்காமல் இருப்பது நல்லது. என்னைக் கேட்டால் முதியவர்களுக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

இந்த மாதிரி, வாங்கும்போது இருக்கிற நிலையை எல்லாரும் ‘டிஃபால்ட்’ என்கிறார்கள். பிரெஞ்சில் ‘பார் தெஃபோ’. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பதால் அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கிறது. ‘தெஃபோ’ என்றால் குறை, இல்லாமை. நீதிமன்றத்தில் பிரதிவாதி வராமல் போனால், அவர் இல்லாமலே தீர்ப்பு எழுதுவார்கள். அந்தத் தீர்ப்புக்கும் பிரெஞ்சுச் சட்டத்தில் ‘பார் தெஃபோ’ என்றுதான் பெயர். நம்மூரில் எக்ஸ்பார்ட்டி என்கிறோமே, அது. கணினியில் இருப்பதும் அதே கதைதான். ‘உங்களுக்கு எப்படி வேண்டும்?’ என்று கேட்டபோது யாரும் ஆஜராகவில்லை. அதனால் கை நடுங்காத, தோல் காயாத யாரோ ஒருவரை மனதில் வைத்து எழுதிவிட்டார்கள். அக்காமேல் போட்டது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. மனுப் போட்டால் ரத்தாகிவிடும். மனுப் போடலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

தட்டச்சு பழகியதும் நான் பிரெஞ்சு இயந்திரத்தில்தான். அதில் எண்களுக்கு ஷிப்ட் விசை போட வேண்டும். முற்றுப்புள்ளிக்கும் போட வேண்டும். அரைப்புள்ளிக்கு வேண்டாம்! ஒரு பக்கத்தில் அரைப்புள்ளி எத்தனை வரும், முற்றுப்புள்ளி எத்தனை வரும்? பதினாறு வயதில் வாத்தியாரிடம் கேட்டேன். “செ கொம் சா” என்றார். அது அப்படித்தான் என்று அர்த்தம். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். சின்ன வயது, சுண்டுவிரலில் பலம் இருந்தது, பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் அக்காவிடம் போய், “அது அப்படித்தான் அக்கா, ரெண்டு தட்டு” என்று சொல்ல வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அதே தட்டச்சு இயந்திரத்தில் வேறொன்றும் இருந்தது. அரசு வேலையில் சேர்ந்த பிறகு பார்த்தேன். எங்கள் பிரிவில் இருந்த தட்டச்சர் அம்மா ஒருவருக்கு விரல்கள் மெலிந்தவை. இயந்திரம் பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்தால், தாள் சொருகுவதற்கு முன்னால் அவர் செய்கிற முதல் காரியம், ஒரு சின்ன நெம்பைத் தள்ளுவது. விசைகள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை மாற்றுகிற நெம்பு அது. கனமான கைக்கு இறுக்கம், மெல்லிய கைக்குத் தளர்வு. வேறு யாராவது அவர் இடத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டுவிட்டால் அன்று முழுக்க அவரிடம் பேச முடியாது. மெக்கானிக்கும் வந்தால் முதலில், “கை எப்படி இருக்கும்மா, தளர்த்தட்டுமா?” என்று கேட்பார். முழுக்க இரும்பால் செய்த இயந்திரம். அதற்கே கையைக் கேட்கிற பண்பு இருந்தது.

இன்றைக்கு லேப்டாப் விற்கிற கடையில் யாராவது அப்படிக் கேட்கிறார்களா? அக்கா ஒருமுறை சந்தேகம் கேட்க ஒரு கடைக்குப் போயிருக்கிறார். “பாட்டி, இந்த வயசுல ஒங்களுக்கு இதெல்லாம் வராது, டிவி பாருங்க” என்று அங்கிருந்த பையன் சொன்னானாம். பையனைத் திட்டி என்ன பயன்? அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கும்.

என் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வுபெற்றவர்தான், இதைக் கேட்டுவிட்டு வாதத்துக்கு வந்தார். ஒரு தட்டில் திறந்தால் கை பட்டதெல்லாம் திறந்துகொள்ளுமே என்றார். திறந்துகொள்ளும். மூடிவிட்டால் போயிற்று. தவறாகத் திறந்த ஃபோல்டரால் யாருக்கும் நஷ்டம் இல்லை. தவறாக இழுத்த ஃபோல்டரால் பதினோரு நாள் தூக்கம் போயிற்று.

இன்னொன்றும் சொன்னார், அது கொஞ்சம் கனமான வாதம். லினக்சில் கேடிஈ என்று ஒரு தளம் இருக்கிறது. பல வருடமாக அதில் ஒரு தட்டுதான் வழக்கம். 2024ல் பிளாஸ்மா 6 வந்தபோது அவர்களே இரண்டு தட்டுக்கு மாறிவிட்டார்கள். வேறு கணினிகளிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் பழக்கம் என்பது நியாயம். “பாத்தியா, ஒரு தட்டு வச்சிருந்தவனே விட்டுட்டான்” என்றார் நண்பர். உண்மைதான். ஒரு ஃபைலைத் திறக்காமல் தேர்வு மட்டும் செய்ய, பெயர் மாற்ற, பத்தை ஒன்றாகப் பிடித்து நகர்த்த, இரண்டு தட்டு முறைதான் வசதி. என் சொந்தக் கணினியில் நான் ஒரு தட்டுக்கு மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைகளையெல்லாம் வருடவாரியாகப் பிரித்து வைப்பது, பெயர் மாற்றுவது என்று எனக்கு அந்த வேலை நிறைய. வீட்டில் என் மனைவி உபயோகிக்கும் கணினியில் மாற்றி வைத்தேன். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்ட, எல்லாம் இரண்டிரண்டாகத் திறந்தது. மூன்றாம் நாள், “பழையபடி வச்சிக் குடுங்க” என்று சொல்லிவிட்டார். வைத்துக் கொடுத்தேன்.

ஆக, எல்லாரும் ஒரு தட்டுக்கு மாற வேண்டும் என்பது என் கட்சி இல்லை. அக்கா பெயர் மாற்றுவதில்லை, நகர்த்துவதில்லை. திறக்கிறார், பார்க்கிறார், மூடுகிறார். அவருக்கு எதற்கு என் முறை? எப்போதாவது தேர்வு செய்ய வேண்டி வந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் தெரிகிற மாதிரி ‘வியூ’ பகுதியில் வைத்துக்கொள்ளலாம், கட்டத்தைத் தொட்டால் டிக் விழும், திறக்காது. அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை.

என் மருமகன் சொன்னது வேறு. கஷ்டப்பட்டுப் பழகினால்தான் மூளைக்குப் பயிற்சி, சுலபமாக்கிக் கொடுத்தால் மந்தமாகிவிடும் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மூளைக்குப் பயிற்சி வேண்டும் என்றால் அக்கா தினமும் பல்லாங்குழி ஆடட்டும், பிரெஞ்சுக் குறுக்கெழுத்துப் போடட்டும். சொந்தப் புருஷனின் போட்டோவைப் பார்ப்பதற்கு நுழைவுத் தேர்வு எதற்கு?

விரலைத் திருத்த முடியாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஓய்வூதியர்கள் வருடாவருடம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும் அல்லவா? 2014ல் ஜீவன் பிரமாண் வந்தபோது கணினி வழியாகவே கொடுக்கலாம் என்று ஆனது. கைரேகை வைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்குக் கைரேகை எங்கே இருக்கிறது? பாத்திரம் தேய்த்து, காகிதம் புரட்டித் தேய்ந்துபோயிற்று. கருவியில் வைத்தால் இல்லை என்கும், துடைத்து வைத்தால் இல்லை என்கும், உயிரோடு இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு. ‘ரேகை தெளிவாக வரும்படி வையுங்கள்’ என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு வழியும் சேர்த்தார்கள். அரசு வேலையில் இருந்தவன் என்பதால் எனக்கு அரசின்மேல் குறைகள் நிறைய உண்டு. ஆனால் இதற்கு ஒரு கும்பிடு போடுவேன்.

கைப்பேசியிலும் இதே மாதிரி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, அதில் ‘ஆக்சசிபிலிட்டி’, அதில் ‘டச்’ என்று போனால், விரல் எவ்வளவு நேரம் பட்டால் தொட்டதாக எடுத்துக்கொள்வது, நடுக்கத்தில் அடுத்தடுத்து விழும் தட்டுகளை விட்டுவிடுவது என்றெல்லாம் மாற்றலாம். ஆண்ட்ராய்டிலும் ‘ஆக்சசிபிலிட்டி’ பக்கத்தில், அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டலாம். அந்தப் பக்கத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் திறப்பதே இல்லை. எனக்கே கொஞ்ச நாளாகக் காலையில் டீ டம்ளரைப் பிடிக்கும்போது வலது கை லேசாக ஆடுகிறது. டாக்டர் வயசுதான் காரணம் என்கிறார். கைப்பேசியில் அழுத்தும் நேரத்தைப் போன வாரம் கூட்டி வைத்துக்கொண்டேன். கணினியில் அந்த அரை விநாடியையும் மெதுவான பக்கம் தள்ளியாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்கோ, ஆயா தாத்தாவுக்கோ கணினி வாங்கிக் கொடுத்தால், பாஸ்வேர்டு போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் அவர்கள் கையைப் பாருங்கள். எங்கே தட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறார்கள், நகர்கிறதா என்று. அதற்குத் தகுந்தபடி மாற்றி வைத்துவிட்டுப் பிறகு பாடம் நடத்துங்கள். நாலைந்து முறை சொல்லியும் வரவில்லை என்றால் குரலை உயர்த்தாதீர்கள், செட்டிங்ஸைத் திறங்கள். அதே கணினியை நீங்களும் உபயோகிப்பதாக இருந்தால் உங்களுக்கு ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு கணக்குக்குக் கணக்கு தனி என்பதால் ஒருவர் வைத்தது மற்றவரைப் பாதிக்காது. அந்தச் சின்னக் கட்டத்தின் அடியில் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். தொட்டுவிடாதீர்கள், திரும்ப இரண்டு தட்டாகிவிடும். பேரன் பொங்கலுக்கு வருகிறானாம். அக்காவின் லேப்டாப்பின் ஓரத்தில் பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், எதையும் பழையபடி மாற்றாதே என்று.

திதிக்குப் படம் நன்றாக வந்தது. அக்காவே தேர்ந்தெடுத்தார். கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் மாமா சைக்கிளோடு நிற்கிற படம்.

நேற்றுக் காலையிலும் போன் வந்தது. இந்த முறை ஏழு மணி. “தம்பி, தாத்தா ஃபோல்டர்ல 96ஆவது படம் பாரு. மாமா பக்கத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரே, அது யாரு?” போய்ப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. பேரனிடம் சொல்லி ஆல்பத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.